கமலநாதனின் அரை வினாடி

பிரிக்பீல்ட்ஸ்
17 மார்ச் 2025

அன்புள்ள பக்கிரிசாமி,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வரி எழுதுவதும் அழிப்பதும் உங்கள் திரையில் தெரியும், பிறகு பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். தாளில் எழுதினால் அடித்துத் திருத்திவிட்டு நல்ல படி எடுத்து அனுப்பலாம். இது நல்ல படி.

சனிக்கிழமை உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வயிறு சரியில்லாமல் போய்விட்டது. கிள்ளானிலிருந்து சொல்லாமல் கிளம்பியதற்கு மன்னிக்க வேண்டும்.

நாற்பது ஆண்டுகள் மேடையில் நடித்துவிட்டு, அறுபத்தாறு வயதில் முதன்முதலாகத் திரையில் முக்கிய வேடம் ஏற்றிருக்கிறீர்கள். சைக்கோபாத் வேடம் என்று சொல்லி, அரசு மனநல மருத்துவமனையில் குற்றவாளிகளை மதிப்பிடும் வேலையில் இருந்தவன் என்பதால் என்னைத் தேடி மாதக்கணக்கில் வந்து கேட்டீர்கள். அப்போது எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. இப்படிப்பட்ட படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். இருட்டறையில் ஒருவன் தனக்குத்தானே சிரிப்பான். சுவரெங்கும் புகைப்படங்கள் ஒட்டியிருப்பான். பின்னணியில் வயலின் வாசிக்கும். கடைசியில் சின்ன வயதில் அவனுக்கு நடந்த ஒரு கொடுமையைக் காட்டி எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்பார்கள். காதில் குரல் கேட்பவனையும் இவனையும் ஒன்றாகக் குழப்பிவிடுவார்கள். குரல் கேட்பவன் நோயாளி, பெரும்பாலும் தானே பயந்து போனவன். நான் சந்தித்த சைக்கோபாத் எவரும் வயலின் கேட்கவில்லை. சதுரங்கம் போலத் திட்டமிட்டவர் என்றும் எவரையும் சொல்ல முடியாது. பல் மருத்துவரிடம் வாங்கிய நேரத்துக்குக்கூடப் போகத் தெரியாதவர்கள். பெரும்பாலோர் யாரையும் கொன்றதுமில்லை. யாராவது ஒருவர் வீட்டில் இருந்துகொண்டு அந்த வீட்டைச் சிறிது சிறிதாகக் கெடுத்தவர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கமலநாதன் அப்படிப்பட்டவன். கிள்ளான் பக்கத்தில் மேருவில் ஒரு விதவை வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அக்கம்பக்கத்தில் எந்தக் காரியம் நடந்தாலும் முதல் ஆளாக நாற்காலி இறக்குகிறான். காலையில் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, அந்த அம்மாவிடம் தோசை சாப்பிட்டேன் என்கிறான். அந்தப் பொய்யால் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. பக்கிரி, அந்த இடத்தில் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இதைப் பிறருக்குப் புரியவைக்க நான் எத்தனை அறிக்கை எழுதியிருப்பேன்! நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் காட்டிவிட்டீர்கள்.

அந்த அம்மாவின் தம்பி ஏதோ சந்தேகப்பட்டுக் கேட்டதும், அவரை அடுக்குமாடிப் படிக்கட்டில் தள்ளிவிட்டுக் கீழே வந்து டீ சொல்கிறானே, அதுவும் அப்படித்தான். கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. சீனி அதிகம் என்று கிளாஸைத் திருப்பி அனுப்புகிறான். என் கணிப்பு தவறாக இருக்கலாம், நான் ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. ஆனால் நான் பார்த்தவற்றில் இவ்வளவு உண்மையாக இதை யாரும் செய்ததில்லை.

பாராட்டுகளுடன்,
முகுந்தன்

*

கிள்ளான்
22 மார்ச் 2025

முகுந்தன் அண்ணே,

உங்க லெட்டர் வந்துச்சு. தபால்காரர் ரெண்டு தடவை என் மூஞ்சியைப் பார்த்தாரு. "பாஸ், சம்மனா?" ன்னு கேட்டாரு. இந்தக் காலத்துல கையால எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புற ஒரே ஆளு நீங்கதான் லா. சரி, நானும் பேனா எடுத்துட்டேன். எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க.

நீங்க பாராட்டினதை டைரக்டர் ரிஷிக்குப் படிச்சுக் காட்டினேன். தம்பி அதைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டாரு. எனக்கும் பெருமைதான். ஆனா ஒண்ணு கேக்கணும் அண்ணே. நீங்க எழுதினது எல்லாமே டீக்கடை சீன் வரைக்கும்தான் இருக்கு. அதுக்கு அப்புறம் இன்னும் ஒரு மணி நேரம் படம் ஓடுது. அதைப் பத்தி ஒரு வரி கிடையாது. சாவு வீட்டு சீன் வந்ததும் எழுந்து போயிருக்கீங்க. வயிறாம்! உங்க வயித்தை எனக்குத் தெரியாதா? தைப்பூசத்துல மூணு கடை சாப்பாட்டைச் சாப்பிட்டு நிம்மதியா தூங்கின வயிறு.

படம் முடிஞ்சு லைட் போட்டாங்க. எல்லாரும் கை தட்டுறாங்க. நான் உங்களைத்தான் தேடினேன். உங்க கூட வந்த சீதாலெட்சுமி அக்கா நிக்கிறாங்க, பக்கத்து சீட்டுல உங்க பாப்கார்ன் மட்டும் உட்கார்ந்திருக்கு. "அவரு எங்கக்கா?" ன்னேன். "தெரியல" ன்னாங்க. நான் கார்ல கொண்டு போய் விடறேன்னு சொன்னேன். "வேணாம்பா, கொலைகாரன் கூட கார்ல வரமாட்டேன்" னு சிரிச்சாங்க. சிரிப்பு சரியில்ல. கிராப் டாக்சி எடுத்துட்டுப் போயிட்டாங்க.

உங்களுக்கு ஃபோன் அடிச்சா எடுக்கிறதில்ல. என்ன கோபம்னு நேராவே எழுதுங்க. நான் தாங்குவேன். நாடகத்துல தக்காளி எல்லாம் வாங்கினவன்தான்.

பக்கிரி

*

பிரிக்பீல்ட்ஸ்
26 மார்ச் 2025

அன்புள்ள பக்கிரிசாமி,

வயிறு என்று எழுதியது பொய். எழுதும்போதே கமலநாதனின் தோசை நினைவுக்கு வந்தது. ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

நேராக எழுதச் சொல்கிறீர்கள், முயல்கிறேன். படிக்கட்டில் தள்ளப்பட்டவரின் உடல் கூடத்தில் பெட்டியில் இருக்கிறது. கமலநாதன் உள்ளே வருகிறான். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுகிறான். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கிறான். பெட்டியின் தலைமாட்டில் நின்று, இடப்பக்கம் நிற்பவரின் முகத்தை அரை வினாடி பார்க்கிறான். பிறகுதான் அவன் முகம் மாறுகிறது. திரையரங்கில் எல்லாரும் மூச்சை இழுத்ததைக் கேட்டேன். இவனுக்கு உள்ளே ஒன்றுமில்லை, அடுத்தவரைப் பார்த்துத்தான் செய்கிறான் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அந்த அரை வினாடியை எப்படிச் சொல்வது என்று வேலை பார்த்த காலம் முழுதும் தேடியிருக்கிறேன். உலகில் எந்தப் படத்திலும் இவ்வளவு சரியான ஒரு காட்சி இருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் அது நான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், என் மனைவி மலர்விழியின் பெட்டியின் தலைமாட்டில் நான் அப்படித்தான் நின்றேன். அதே கைக்கடிகாரம், அதே சட்டை நுனி. இடப்பக்கம் நின்றது அவள் தம்பி லோகன். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அவன் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் வாசல் தூணருகே நின்றிருந்தீர்கள். நான் சைக்கோபாத்துகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாளும் நீங்கள் என் பேச்சைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக ஒரு பயம் இருக்கிறது. நீங்கள் கூர்ந்து பார்ப்பவர். இத்தனை பேரை விட்டு என்னிடம் அதை ஏன் கண்டீர்கள்? திங்கட்கிழமை நான் பழைய மதிப்பீட்டு முறையை எடுத்து என்னையே மதிப்பிட உட்கார்ந்தேன். முடியவில்லை. சம்பந்தப்பட்டவர் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது, அவரை நன்கறிந்த இன்னொருவரையும் விசாரிக்க வேண்டும் என்பது விதி. என்னை நன்கறிந்தவர் நீங்கள்தான். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சீதாலெட்சுமி மலர்விழியோடு ஒரே வார்டில் தாதியாக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளாக நாங்கள் காலையில் சேர்ந்து நடக்கிறோம், பிறகு தோசை சாப்பிடுகிறோம். அன்று படம் முடிந்ததும் கிள்ளானில் எங்காவது சாப்பிட்டுக்கொண்டே, என்னை மணந்துகொள்வீர்களா என்று அவரைக் கேட்பதாக இருந்தேன். அதற்காகத்தான் அழைத்து வந்தேன். பதிலாக, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் நான் ஒரு கொலைகாரனாக நடமாடுவதைப் பார்க்க வேண்டியதாயிற்று. அவரும் மலர்விழியின் சாவு வீட்டுக்கு வந்தவர்தான். அடையாளம் தெரியாமல் இருக்காது. எழுந்து வெளியே வந்தேன், ரயில் ஏறினேன். அன்றிலிருந்து அவர் நடைக்கு வரவில்லை. கொலைகாரனோடு வரமாட்டேன் என்று அவர் சொன்னது உங்களைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். அவர் பயந்துவிட்டார். தனியாக வாழும் ஒரு பெண் பயப்படுவது நியாயம். நான் வேறு பாதையில் நடக்கிறேன், எதிரில் வந்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று.

முகுந்தன்

*

கிள்ளான்
5 ஏப்ரல் 2025

அண்ணே,

நோன்புப் பெருநாள் லீவுல தபால் எல்லாம் தேங்கிப் போச்சு, உங்க லெட்டர் நேத்துதான் வந்துச்சு. படிச்சிட்டு முதல்ல சிரிச்சேன். மன்னிச்சுடுங்க. கல்யாணம் கேக்கப் போறவரு சைக்கோ படத்துக்கா ஒரு பொம்பளையைக் கூட்டிட்டுப் போவாரு? பங்சார்ல எத்தனை நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கு!

அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு.

நடந்ததைச் சொல்றேன். ரிஷி தம்பி முதல்ல என்னைக் கண்ணை முழிச்சு, வாயால மூச்சு விடச் சொன்னாரு. கண்ணாடி முன்னால கத்தியோட சிரிச்சுப் பழகச் சொன்னாரு. நானும் ரெண்டு வாரம் பழகினேன். பக்கத்து வீட்டு நாயி குலைச்சுக்கிட்டே இருந்துச்சு. என் வீட்டுக்காரி "வெளிய போய் சிரிங்க" ன்னா. எனக்கே நம்பிக்கை வரல. அப்பதான் நீங்க ஒரு நாள் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? "அவனைப் பார்த்துப் பயப்பட்டிருந்தால் யாரும் அவனை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்கள்." அன்னிக்கு ராத்திரியே கத்தியைத் தூக்கி அடுப்படியில போட்டேன். யாரைக் கண்டா ஜனங்க யோசிக்காம கதவைத் தொறப்பாங்கன்னு யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரே ஆளுதான். சத்தமா பேசமாட்டாரு, செருப்பை வரிசையா விடுவாரு, குடிச்ச கிளாஸைக் கழுவி வைப்பாரு. உங்களை எடுத்தேன். உங்க சட்டையைத்தான் எடுத்தேன் அண்ணே, உள்ள இருக்கிற ஆளை எடுக்கல. எடுக்கவும் தெரியாது. உள்ளுக்கு நான் ஒண்ணும் வைக்கல, காலியா விட்டுட்டேன். அதுதான் உங்களுக்கே பயமா இருந்திருக்கு.

முன்னாடியே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா "யோசித்துச் சொல்கிறேன்" ன்னு சொல்லிட்டு நீங்க 2040-ல பதில் போடுவீங்க. ஆனா மலர் அண்ணி சாவு வீட்டைத் தொட்டது தப்பு. தூண் கிட்ட நின்னு அழுதுக்கிட்டேதான் பார்த்தேன், அழுகை அது பாட்டுக்கு வருது, கண்ணு அது பாட்டுக்குப் பார்க்குது. என் பொழப்பு அப்படி. அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கறேன்.

இப்ப விசாரணைக்குப் பதில். முப்பத்தஞ்சு வருஷமா உங்களைத் தெரியும். மார்க் போடணுமா? சைபர் லா. எறும்பை மிதிச்சிட்டா திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆளு நீங்க.

சீதா அக்கா விஷயம். நீங்க பெரிய படிப்பு படிச்சவரு, நான் ஒண்ணும் சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன். பயந்த சிரிப்பு எனக்குத் தெரியும், கோபத்துல சிரிக்கிறதும் தெரியும். அன்னிக்கு நான் பார்த்தது ரெண்டாவது. இதுக்கு மேல எழுதமாட்டேன். வேற பாதையில நடக்கறாராம்! நேரா அவங்க வீட்டுக்கு நடங்க. போயிட்டு வந்து எழுதுங்க.

மீதிப் படத்தையும் பாருங்க. தியேட்டர்ல இன்னும் ரெண்டு வாரம்தான் ஓடும்.

பக்கிரி

*

பிரிக்பீல்ட்ஸ்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள பக்கிரிசாமி,

போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். சீதாலெட்சுமியின் மகள் தாமரை கதவைத் திறந்தாள், இரும்புக் கிரில் மட்டும் பூட்டியே இருந்தது.

"அங்கிள்... அம்மா குளிக்கிறாங்க."

"பரவாயில்லை, காத்திருக்கிறேன்."

அவள் சாவியைத் தேடவில்லை. "நேத்துதான் அந்தப் படம் பார்த்தேன், அங்கிள்."

"நல்ல படம்" என்றேன்.

"நீங்க அந்தக் கமலநாதன் மாதிரியே சொல்றீங்க" என்று ஓரடி பின்னால் போனாள். ஆப்பிள் பையை எந்தக் கையில் பிடித்தால் அவளுக்குச் சந்தேகம் வராது என்று நான் கையை மாற்றி மாற்றிப் பிடித்தேன். அது இன்னும் மோசமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "யாரு, முகுந்தனா? தொறந்து விடுடி. அவருக்குப் பூட்டையே சரியாத் திறக்க வராது, இவரு கொலை பண்ணிட்டாலும்!"

உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு தொடங்கினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் இதையும் எங்காவது பயன்படுத்தப் போகிறீர்கள் என்று தெரிந்தே.

"பயமா? எனக்கா? முப்பது வருஷம் வார்டுல எத்தனையோ பேரைப் பார்த்தவ, உங்க மூஞ்சியைப் பார்த்தா பயப்படப் போறேன்? எழுந்து போனீங்க, பாத்ரூம்னு நெனைச்சேன். வரல. ஃபோனை அடைச்சு வெச்சிட்டீங்க. காவல்காரரை ஆம்பளைங்க பாத்ரூமுக்குள்ள அனுப்பி உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். நெஞ்சு வலி வந்து உள்ள விழுந்து கிடக்குறீங்கன்னு நெனைச்சேன். அந்தப் பக்கிரி வந்து அவரு எங்கன்னு என்னையே கேக்கிறாரு. ஊருக்கு முன்னால அழக்கூடாதுன்னு ஏதோ சொல்லிச் சிரிச்சேன். இங்க வந்து இறங்கினதும் உங்க வீட்டுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பார்த்தேன். விளக்கு எரிஞ்சுது. அப்பதான் கோபம் வந்துச்சு. இன்னும் போகல."

பக்கிரி, மனிதர்களின் மனத்தை மதிப்பிடுவதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்து வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு என்னவாகும் என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சாவு வீட்டுக் காட்சியையும் கேட்டேன். என்னை அடையாளம் தெரிந்ததா என்று.

"தெரியாம? கடிகாரத்தைக் கழட்டினப்பவே தெரிஞ்சிடுச்சு. ஆனா அது நீங்க இல்ல. அவன் பக்கத்தாளைப் பார்த்தான், அதே மாதிரி கச்சிதமா முகத்தை வெச்சுக்கிட்டான். நீங்க அன்னிக்கு லோகனைப் பார்த்தீங்க. அவன் ஓன்னு அழறான். நீங்க என்ன செஞ்சீங்க? பெட்டி தூக்க வந்தவங்க கையைப் பிடிச்சு, 'சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்' னீங்க. மலர் இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. எத்தனை பேரைப் பார்த்தாலும் உங்களுக்குச் சரியா செய்ய வரல. அந்தக் கமலநாதனுக்கு ஒரு தடவை பார்த்தாலே வந்துடுது."

கமலநாதன் உள்ளே ஒன்றும் இல்லாததால் பார்க்கிறான். நான் உள்ளே இருப்பதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்க்கிறேன். வெளியில் இரண்டும் ஒரே அரை வினாடிதான். அதற்கு அடுத்த வினாடியைப் பார்க்க வேண்டும் என்று என் அறிக்கை எதிலும் நான் எழுதியதில்லை. இது என் துறையில் யாருக்காவது ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கிள்ளானில் கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டேன். தாமரை அடுப்படியில் ஆப்பிள் நறுக்குவதை நிறுத்தியது கேட்டது.

"அன்னிக்குக் கேக்க வேண்டியதை இன்னிக்குக் கேக்குறீங்க. நான் மட்டும் உடனே சொல்லணுமா?" என்றார் சீதாலெட்சுமி. "முதல்ல மீதிப் படத்தைப் பாருங்க. நானும் வரேன், நீங்க எழுந்து ஓடாம பார்த்துக்க."

வியாழக்கிழமை போனோம். இரண்டாம் பாதியும் நன்றாக இருக்கிறது. அவன் பிடிபட்ட பிறகும் அந்த அம்மா அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறாரே, அப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். காவலர்கள் அவர்களைப் பைத்தியம் என்பார்கள். உங்கள் படம் அப்படிச் சொல்லவில்லை, அந்த அம்மாவின் முகத்தோடு பொறுமையாக இருந்தது. ஒரே ஒரு குறை எழுதலாமா? கடைசியில் லாக்கப்பில் கமலநாதன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுகிறான். அது நடக்காது. பகல் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பான். இதைச் சொன்னேன். "அழுதது கமலநாதன் இல்ல" என்றார் சீதாலெட்சுமி. "படம் முடியப்போவுதேன்னு பக்கிரி அழுதாரு. இத்தனை வருஷம் கழிச்சுக் கெடைச்ச வேஷமில்லையா, விடுங்க." அவர் சொல்வதுதான் சரியென்று நினைக்கிறேன். குறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை நடைக்கு வந்தார். பாதி தூரம் நடந்ததும், "சரி" என்றார்.

"எதற்குச் சரி?" என்று கேட்டேன்.

அவர் நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு, "கடவுளே" என்றார். பிறகு எனக்கும் புரிந்தது.

அடுத்த மாதம் பதிவுத் திருமணம். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் லோகன், அவனே முன்வந்து சொன்னான். இன்னொருவர் நீங்களாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் விரும்புகிறோம். தாமரையிடம் சொன்னதும் குதித்தாள். உங்களோடு நின்று ஒரு படம் எடுத்து அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்ட வேண்டுமாம். "அந்த அங்கிள் ரொம்ப ஸ்வீட்டா இருப்பாரு போல" என்கிறாள். நான் வீட்டுக்குப் போனால் இன்னும் கிரில் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். கொலை செய்தவரை அவளுக்குப் பிடித்திருக்கிறது, சந்தேகமெல்லாம் என்மேல்தான். இவ்வளவு நன்றாக நடித்துவிட்டு நீங்கள் வராமல் இருக்க முடியாது. வந்து, நான் யார் என்று அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
முகுந்தன்